ஸ்பிளெண்டர்காரரை விட்டுவிட்டுப் போகலாமா?

வண்டியும் வழியும்: வாசகர் கேள்வி பதில்

நவம்பர் நெருங்கினால் இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்கள் கோவா பக்கம் திரும்பிவிடும். அங்கே வாகத்தோர் என்ற ஊரில் ராயல் என்ஃபீல்டு நடத்தும் பைக் திருவிழாவுக்கு ரைடர் மேனியா என்று பெயர் இருந்தது. 2023 முதல் மோட்டோவெர்ஸ். 2013-இல் தொடங்கிய இந்தியா பைக் வீக்கும் பல ஆண்டுகள் அதே வாகத்தோரில்தான் நடந்திருக்கிறது. இந்த முறை வந்த கடிதங்களில் கூட்டமாகக் கிளம்புகிறவர்கள் கேட்டதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: நாங்கள் பதினோரு பேர். ஆறு புல்லட், ஒரு ஹிமாலயன், மூன்று பல்சர் 150, ஒரு ஸ்பிளெண்டர். சேலத்திலிருந்து கிளம்புகிறோம். ஸ்பிளெண்டர் வைத்திருக்கும் நண்பர் வந்தால் எல்லோருக்கும் தாமதமாகும், அவர் பஸ்ஸில் வந்துவிடட்டும் என்று குழுவில் பேச்சு. அவருக்கு முகம் வாடிவிட்டது. என்ன செய்யலாம்?
(வாசகர், சேலம்)

பதில்: அவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். அவர் வண்டியிலேயே வரட்டும். அதுவும் உங்கள் வரிசையில் இரண்டாவது இடத்தில்.

முதலில் தாமதக் கணக்கைப் பார்த்துவிடுவோம். ஸ்பிளெண்டரின் 97 சிசி எஞ்சின் மணிக்கு 60 கிலோமீட்டரில் நாள் முழுக்க அலுக்காமல் ஓடும். உங்கள் புல்லட்டுகள் 80-இல் போகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 400 கிலோமீட்டருக்கு இரண்டுக்கும் இடையே ஒரு மணி நாற்பது நிமிட வித்தியாசம். அது காகிதத்தில். பதினோரு பேர் டீ குடித்துவிட்டு எழுந்து, ஹெல்மெட் மாட்டி, கையுறை தேடி, மறுபடி கிளம்ப அரை மணி நேரம் ஆகும். நாளில் மூன்று வெட்டி நிறுத்தங்களைக் குறைத்தாலே அந்த நேரம் கைக்கு வந்துவிடும். பெட்ரோல் விஷயத்தில் ஸ்பிளெண்டர் யாரையும் காக்க வைக்காது. உங்களில் கடைசியாக டேங்க் காலியாகப் போவது அவருடையதாகக்கூட இருக்கலாம். ஒன்று மட்டும் பாருங்கள்: அந்தச் சின்ன எஞ்சின் பிடிக்கும் ஆயில் ஏறக்குறைய ஒரு லிட்டர்தான். தினமும் காலையில், எஞ்சின் சூடாகும் முன்பு, ஆயில் அளவு பார்க்கச் சொல்லுங்கள்.

இப்போது ஏன் இரண்டாவது இடம் என்பது. குழுவாகப் போகும்போது நான் எப்போதும் கடைசி வண்டி. பட்டறைக்காரன் என்பதால் கருவிப் பை என்னிடம் இருக்கும். யார் வண்டி நின்றாலும் நான்தான் போய்ச் சேர வேண்டும். கடைசியிலிருந்து பார்த்தால்தான் ஒரு விஷயம் தெரியும். முன்னால் போகிறவர் சீராக 70-இல் போவதாக நினைத்துக்கொண்டிருப்பார். ஆனால் ஒவ்வொரு லாரியைத் தாண்டும்போதும், ஒவ்வொரு வேகத்தடையிலும் வரிசை ஜவ்வுமிட்டாய் போல இழுபடும். பின்னால் இருப்பவர்கள் விட்ட தூரத்தைப் பிடிக்க 90, 95 என்று முறுக்குவார்கள். குழுப் பயணத்தில் அதிக வேகமாகப் போவது கடைசி வண்டிகள்தான், முதல் வண்டி இல்லை. அந்த இடத்தில் ஒரு ஸ்பிளெண்டரைப் போட்டால் அவர் நாள் முழுக்க ஆக்ஸிலேட்டரை இறுக்கிப் பிடித்தபடி, பயந்தபடி ஓட்டுவார். அவரையே முன்வண்டிக்குப் பின்னால் விட்டால், முன்வண்டிக்காரர் கண்ணாடியில் அவரைப் பார்த்துப் பார்த்துத் தன் வேகத்தை வைத்துக்கொள்வார். புதிதாக ஓட்டுபவர், சின்ன வண்டி, உடம்பு சரியில்லாதவர் யாராக இருந்தாலும் இதே இடம். கடைசிக்கு உங்களில் நிதானமானவரைப் போடுங்கள். வேகமானவரைப் போட வேண்டாம்.

பதினோரு வண்டி ஒரே வரிசையாகப் போக வேண்டாம். ஆறு, ஐந்து என்று பிரித்து, பத்து நிமிட இடைவெளியில் கிளம்புங்கள். இரண்டு குழுவுக்கும் தனித்தனி முன்வண்டி, தனித்தனி கடைசி வண்டி. நெடுஞ்சாலையில் ஒருவர் தன் தடத்தின் வலப்பக்கம், அடுத்தவர் இடப்பக்கம் என்று மாறி மாறி வாருங்கள். நேர் முன்னால் இருக்கும் வண்டிக்கும் உங்களுக்கும் இரண்டு விநாடி இடைவெளி. 60-இல் இரண்டு விநாடி என்றால் சுமார் 33 மீட்டர், 80-இல் 44 மீட்டர். சும்மா பார்த்தால் அதிகமாகத் தெரியும், பிரேக் பிடிக்கும்போது தெரியாது. வளைவிலும் குண்டும் குழியுமான இடத்திலும் ஒற்றை வரிசை.

லாரியை முந்தும்போது யாரும் பின்னால் வருபவருக்கு ‘வா வா’ என்று கை காட்டக் கூடாது. உங்களுக்கு இருந்த இடைவெளி அவருக்கு இருக்காது. ஒவ்வொருவரும் தான் பார்த்து, தான் முடிவு செய்து முந்த வேண்டும்.

யாரும் தொலைந்து போகாமல் இருக்க ஒரே ஒரு விதி போதும்: உங்கள் பின்னால் வருபவருக்கு நீங்கள் பொறுப்பு. கண்ணாடியில் அவர் இல்லை என்றால் வேகத்தைக் குறையுங்கள். இன்னும் வரவில்லை என்றால் சாலையை விட்டு நன்றாக விலகி நில்லுங்கள். நீங்கள் நின்றதும் உங்களுக்கு முன்னால் இருப்பவர் உங்களைத் தேடுவார், அவரும் நிற்பார். இரண்டு நிமிடத்தில் செய்தி முன்வண்டிவரை போய்விடும். செல்போன்கூட வேண்டாம்.

வழி என்று பார்த்தால் சேலத்திலிருந்து வாகத்தோர் இரண்டு நாள், நாளுக்குச் சுமார் 400 கிலோமீட்டர். முதல் நாள் காலை ஐந்து மணிக்குக் கிளம்பினால் கிருஷ்ணகிரியில் காலைச் சாப்பாடு. பெங்களூருக்குள் நுழையாமல் எலக்ட்ரானிக் சிட்டியில் நைஸ் ரோட்டில் ஏறி துமகூரு சாலையைப் பிடியுங்கள். தேசிய நெடுஞ்சாலைச் சுங்கச்சாவடிகளில் இருசக்கர வண்டிக்குக் கட்டணம் கிடையாது, நைஸ் ரோட்டில் உண்டு. துமகூரு அருகே கியாத்சந்திராவில் தட்டு இட்லி. அப்புறம் சிரா, ஹிரியூர் தாண்டி சித்ரதுர்காவில் தங்கல். அந்தப் பக்கம் குன்றுகளின் மேல் காற்றாலைகள் நிற்கின்றன என்றால் காரணம் இருக்கிறது. பக்கக் காற்று வண்டியைத் தள்ளும், ஸ்பிளெண்டரைக் கொஞ்சம் அதிகமாகத் தள்ளும். நான்கு மணிக்குள் போய்ச் சேர்ந்தால் கோட்டையைப் பார்த்துவிடுங்கள். ஹைதர் அலியின் வீரர்கள் பாறை இடுக்கு வழியே ஒவ்வொருவராக நுழைந்தபோது ஒபவ்வா என்ற பெண் உலக்கையால் அடித்து வீழ்த்தியதாக அங்கே சொல்வார்கள். அந்த இடுக்கை இன்றும் காட்டுகிறார்கள். நாள் முழுக்க வண்டியில் உட்கார்ந்த காலுக்கு அந்தப் படிகள் நல்லது.

இரண்டாம் நாள் தாவணகெரேயில் வெண்ணெய் தோசை. அதிகம் சாப்பிட வேண்டாம், பதினொரு மணிக்கு ஹூப்ளி பக்கம் கண் சொக்கும். ஹூப்ளி–தார்வாட் பைபாஸில் மிகவும் கவனம். 2021 ஜனவரியில், தாவணகெரேயிலிருந்து கோவாவுக்குக் கிளம்பிய பள்ளித் தோழிகளின் வேன் அங்கேதான் டிப்பர் லாரியோடு மோதியது. அப்போது அது இருவழிச் சாலை. அகலப்படுத்தும் வேலை தொடங்கியது அதற்கு அப்புறம்தான். அங்கே போகும்போது எதிரே வண்டி வரும் என்றே நினைத்து ஓட்டுங்கள். தார்வாட்டிலிருந்து அல்னாவர், ராம்நகர் வழியாக அன்மோட் மலைப்பாதை. கீழே இறங்கினால் மொல்லெம், போண்டா. அன்மோட்டில் மழைக்குச் சாலை சரிந்த வரலாறு உண்டு. அதனால் தார்வாட்டிலேயே லாரி ஓட்டுநர்களிடம் விசாரித்துவிடுங்கள். மூடியிருந்தால் பெலகாவி போய் சோர்லா வழி. எந்த வழியானாலும் மலையை மூன்று மணிக்கெல்லாம் தொட்டுவிட வேண்டும். நவம்பரில் ஆறு மணிக்கெல்லாம் இருட்டத் தொடங்கிவிடும், காட்டுக்குள் அதற்கும் முன்பே.

கேள்வி: என் மகனுக்கு 22 வயது. தவணையில் வண்டி வாங்கி எட்டு மாதம் ஆகிறது. நண்பர்களோடு கோவா போகிறேன் என்கிறான். அவன் அப்பா இல்லை. வேண்டாம் என்று சொன்னால் சொல்லாமல் போய்விடுவானோ என்று பயமாக இருக்கிறது. அனுப்பலாமா?
(வாசகி, கும்பகோணம்)

பதில்: அம்மா, உங்கள் பயம் நியாயமானது. 2022-இல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இருசக்கர வண்டியில் போனவர்கள். இந்தக் கணக்கை உங்களிடம் மறைத்துவிட்டு ‘தைரியமாக அனுப்புங்கள்’ என்று எழுத எனக்கு மனம் வரவில்லை.

அனுப்பலாமா கூடாதா என்று கேட்பதற்கு முன்னால் அவனைப் பக்கத்தில் உட்கார வைத்துச் சில கேள்விகள் கேளுங்கள். உங்கள் கூட்டத்தில் கடைசி வண்டி யார்? எத்தனை மணிக்கு மேல் ஓட்ட மாட்டீர்கள்? ராத்திரி எந்த ஊரில் தங்குகிறீர்கள்? பதில் உடனே வந்தால் அது திட்டமிட்ட கூட்டம். ‘அதெல்லாம் போகும்போது பார்த்துக்கொள்வோம்’ என்றால் இந்த வருடம் வேண்டாம் என்று உறுதியாகச் சொல்லுங்கள். நான் சொன்னதாகவே சொல்லுங்கள்.

பதில் திருப்தியாக இருந்தால், அவன் கிளம்பும் முன்பு இரண்டு பொருளை நீங்களே கையில் எடுத்துப் பாருங்கள். ஒன்று ஹெல்மெட்: ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்க வேண்டும், தாடைப் பட்டை ‘டக்’ என்று பூட்ட வேண்டும், மாட்டிக்கொண்டு தலையை ஆட்டினால் அது தனியாக ஆடக் கூடாது. இன்னொன்று காப்பீட்டுத் தாள்: தேதி முடியாமல் இருக்கிறதா, அதில் வண்டி உரிமையாளருக்கான 15 லட்சம் ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். அது அவன் பேரில் உள்ள வண்டியை அவனே, செல்லுபடியாகும் உரிமத்தோடு ஓட்டும்போதுதான் பொருந்தும். வழியில் நண்பனோடு வண்டியை மாற்றிக்கொள்ள வேண்டாம் என்று சொல்லி அனுப்புங்கள். சட்டைப்பையில் ஒரு சீட்டில் ரத்த வகையும் உங்கள் எண்ணும் இருக்கட்டும்.

ஒரு வேண்டுகோள். அவன் வண்டியில் இருக்கும் நேரத்தில் போன் செய்யாதீர்கள் அம்மா. சத்தம் கேட்டால் உங்கள் அழைப்பு என்று தெரிந்து ஒரு கையால் எடுக்கப் பார்ப்பான். ஒவ்வொரு நிறுத்தத்திலும் அவனே கூப்பிட வேண்டும் என்று பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: சொந்தமாக ஹண்டர் 350 ஓட்டுகிறேன். எங்கள் குழுவில் நான் மட்டும்தான் பெண். ‘நீ பின்னால் உட்கார்ந்து வா, உன் வண்டி எதற்கு’ என்கிறார்கள். இன்னொன்று, வழியில் கழிப்பறைக்கு என்ன செய்வது? இதைக் குழுவில் கேட்கக் கூச்சமாக இருக்கிறது.
(வாசகி, மதுரை)

பதில்: உங்கள் வண்டியிலேயே போங்கள். உரிமம் உங்களுடையது, வண்டி உங்களுடையது. பின்னால் உட்கார்ந்து 450 கிலோமீட்டர் போவது ஓட்டுவதைவிடக் களைப்பு என்பதை உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

கழிப்பறை பற்றிக் கேட்டது நல்ல கேள்வி, இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. பல பெண்கள் நிறுத்தச் சொல்லத் தயங்கித் தண்ணீரே குடிக்காமல் ஓட்டுகிறார்கள். மதிய வெயிலில், ஜாக்கெட்டுக்குள், தண்ணீர் இல்லாமல் போனால் தலை சுற்றும். வண்டி ஓட்டும்போது அது உயிருக்கே ஆபத்து. பெட்ரோல் பங்குகளில் கழிப்பறை, குடிநீர், காற்று மூன்றும் இலவசமாகத் தர வேண்டும் என்பது எண்ணெய் நிறுவனங்களின் விதி. பூட்டியிருந்தால் சாவி கேளுங்கள், உரிமையோடு கேளுங்கள். நெடுஞ்சாலையை ஒட்டிய பெரிய பங்குகளையும் சங்கிலி உணவகங்களையும் முன்கூட்டியே வரைபடத்தில் குறித்து, ‘ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு நிறுத்தம்’ என்று பயணத் திட்டத்திலேயே எழுதச் சொல்லுங்கள். ஆண்களுக்கும் அந்த ஓய்வு வேண்டும், கேட்கத்தான் மாட்டார்கள். துப்பட்டா போட்டால் ஜாக்கெட்டுக்குள் முழுதும் செருகிவிடுங்கள். அதன் நுனி ஒரு சாண்கூட வெளியே பறக்கக் கூடாது.

கேள்வி: கோவா பைக் திருவிழாவுக்குப் போகும் முன் சத்தமான சைலன்சர் மாட்டலாம் என்று இருக்கிறேன். ஊர் திரும்பியதும் மாற்றிவிடுவேன். தப்பா?
(வாசகர், ஆம்பூர்)

பதில்: தப்புதான். மோட்டார் வாகனச் சட்டப்படி, அனுமதியில்லாத மாற்றத்துக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ கிடைக்கலாம். அதைவிட முக்கியம், வாகத்தோர் மக்கள் குடியிருக்கும் ஊர். அங்கே குழந்தைகள் தூங்க வேண்டும், வயதானவர்கள் தூங்க வேண்டும். உங்கள் பயண வழியில் வரும் ஒவ்வொரு ஊரும் அப்படித்தான். நம்மைப் பார்த்துக் கை அசைக்கும் ஊர்களை நாமே கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: நவம்பரில் கிளம்பினால் மழையில் மாட்டுவோமே? பையை எப்படிக் கட்டுவது?
(வாசகர், திருவண்ணாமலை)

பதில்: மாட்டுவீர்கள். நம் பக்கம் அப்போது வடகிழக்குப் பருவமழை. பெரும்பாலும் கிருஷ்ணகிரி தாண்டினால் குறையத் தொடங்கும். கோவாவில் அது மழை விட்ட காலம். ஆகவே முதல் சில மணி நேரம்தான் சோதனை. மழை தொடங்கிய முதல் பதினைந்து நிமிடம் சாலையில் கிடக்கும் எண்ணெயும் தூசியும் சேர்ந்து வழுக்கும், அப்போது எங்காவது ஒதுங்கி நின்றுவிடுங்கள். சாலையின் வெள்ளைக் கோடு, பாலத்தின் இரும்பு இணைப்பு, இரண்டிலும் பிரேக் தொடாதீர்கள். மழைக்கோட்டு கறுப்பு வேண்டாம், மஞ்சள் வாங்குங்கள். லாரிக்காரர் கண்ணுக்கு நீங்கள் தெரிய வேண்டும்.

பைக்கு வெளியே உறை போட்டாலும் உள்ளே துணிகளைப் பிளாஸ்டிக் பையில் போட்டு வையுங்கள். கனமானது கீழே, வண்டியின் நடுவை ஒட்டி. கட்டி முடித்த பிறகு தொங்கும் கயிற்று நுனியை வெட்டுங்கள் அல்லது சுற்றி முடியுங்கள். பின்சக்கரத்தில் கயிறு சுற்றிச் சக்கரம் இறுகிய வண்டிகள் என் பட்டறைக்கு வந்திருக்கின்றன. 50 கிலோமீட்டர் போனதும் ஒருமுறை நிறுத்திக் கட்டை இழுத்துப் பாருங்கள். எல்லாக் கட்டும் அதற்குள் தளர்ந்திருக்கும்.

கேள்வி: குழுவுக்குப் பொதுவாக என்ன கருவிகள் எடுத்துப் போக வேண்டும்?
(வாசகர், பொள்ளாச்சி)

பதில்: முதலில் எல்லோருடைய டயரையும் பாருங்கள், டியூப் உள்ளதா, டியூப்லெஸா என்று. டியூப்லெஸ் என்றால் ஆணியைப் பிடுங்கி, ரப்பர் திரியைச் செருகி, காற்றடித்துப் பத்து நிமிடத்தில் கிளம்பலாம். கம்பிச் சக்கர புல்லட் பலவற்றில் டியூப்தான். சக்கரத்தையே கழற்ற வேண்டும். முன், பின் அளவு வேறாக இருக்கும், டயர் பக்கவாட்டில் எழுதியிருப்பதைப் பார்த்து இரண்டு அளவிலும் ஒவ்வொரு டியூப் வாங்கிக்கொள்ளுங்கள். ஹிமாலயனின் 21 அங்குல முன்சக்கர டியூபை வழிக்கடையில் தேட வேண்டாம், வீட்டிலிருந்தே எடுத்துப் போங்கள். சக்கரத்தைக் கழற்றும் ஸ்பேனர், டயர் லீவர், சின்னக் காற்று பம்ப், ஒவ்வொரு மாடலுக்கும் கிளட்ச் கேபிள், ஸ்பார்க் பிளக், பியூஸ், செயின் லாக் (அறுந்த செயினை இணைக்கும் கண்ணி), இன்சுலேஷன் டேப், கட்டுக்கம்பி. செயினுக்கு 500 கிலோமீட்டருக்கு ஒருமுறை ஸ்ப்ரே. ராத்திரி தங்கும் இடத்தில், செயின் சூடாக இருக்கும்போதே. பை முழுவதும் கடைசி வண்டியில் இருக்க வேண்டும். முன்வண்டியில் இருந்தால் அது தேவைப்படும்போது பத்து கிலோமீட்டர் தள்ளிப் போயிருக்கும்.

கேள்வி: ஞாயிறு ராத்திரி நிகழ்ச்சி முடிந்ததும் கிளம்பி, திங்கள் சாயங்காலம் திருப்பூர் வந்துவிட முடியுமா? செவ்வாய் கம்பெனிக்குப் போக வேண்டும்.
(வாசகர், திருப்பூர்)

பதில்: தயவுசெய்து வேண்டாம். போகும்போது எல்லோரும் புதுசாக, ஆசையாக, ஒருவரை ஒருவர் பார்த்து ஓட்டுவார்கள். திரும்பும்போது மூன்று நாள் தூக்கமில்லை, வெயில், பாட்டு, சிலருக்குப் பீர். கூட்டமும் கலைந்திருக்கும், அவரவர் அவசரத்துக்கு அவரவர் கிளம்புவார்கள். எனக்கு மிகவும் கவலை தருவது அந்த நாள்தான். ரத்தத்தில் 100 மில்லிக்கு 30 மில்லிகிராம் ஆல்கஹால் தாண்டினால் முதல் தடவையே 10,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ கிடைக்கலாம். ராத்திரி நிறையக் குடித்தவருக்குக் காலை ஆறு மணிக்கும் அந்த அளவு இறங்கியிருக்காது. குளித்தாலும் காபி குடித்தாலும் இறங்காது.

இன்னொன்று, இரவோடு இரவாக பெங்களூரைத் தாண்டிவிடலாம் என்று கணக்குப் போடுபவர்களுக்கு: நைஸ் ரோட்டில் இரவு பத்து முதல் காலை ஐந்து வரை இருசக்கர வண்டிகளுக்கு 2022 ஜனவரியில் போக்குவரத்துக் காவல்துறை தடை போட்டது.

புதன்வரை விடுப்பு கேளுங்கள். கிடைக்கவில்லை என்றால் கடைசி நாள் நிகழ்ச்சியை விட்டுவிட்டு ஞாயிறு காலையே கிளம்புங்கள். கடைசி நாள் மேடையில் யார் பாடினார்கள் என்பதை வீடியோவில் பார்த்துக்கொள்ளலாம்.

கேள்வி: வழியில் யாராவது விழுந்தால் முதலில் என்ன செய்வது?
(வாசகர், ஈரோடு)

பதில்: இரண்டு பேர் பின்னால் நூறு மீட்டர் ஓடிப் போய், எதிரே வருகிற வண்டிகளை நிறுத்த வேண்டும். அதற்கப்புறம்தான் மற்றவர்கள் விழுந்தவரிடம் போக வேண்டும். கழுத்து அசையாமல் பிடித்துக்கொள்ளுங்கள். மூச்சுக்குத் தடை இல்லை என்றால் ஹெல்மெட்டை அவசரப்பட்டு உருவ வேண்டாம். 108 தமிழ்நாடு, கர்நாடகம், கோவா மூன்றிலும் வேலை செய்யும். தேசிய நெடுஞ்சாலையில் 1033. வேறு யாரோ விழுந்து கிடந்தாலும் நில்லுங்கள். உதவி செய்தவர்களுக்கு 2019 சட்டத் திருத்தத்தில் பாதுகாப்பு இருக்கிறது. பெயரைச் சொல்லச்சொல்லி யாரும் கட்டாயப்படுத்த முடியாது.

கேள்வி: போகும்போது ஓட்டிக்கொண்டு போய், வரும்போது ரயிலில் வண்டியைப் போட்டுவிட்டு வரலாமா? நண்பர்கள் கேலி செய்வார்களோ என்று இருக்கிறது. எனக்கு 58 வயது, முதுகுவலி உண்டு.
(வாசகர், தஞ்சாவூர்)

பதில்: தாராளமாக வரலாம் ஐயா. உங்கள் ஊருக்கு நேராகவே வாராந்திர ரயில் இருக்கிறது: வாஸ்கோடகாமாவிலிருந்து வேளாங்கண்ணிக்கு, சேலம், திருச்சி, தஞ்சாவூர் வழியாக. அது கிளம்பும் நாளைப் பார்த்து உங்கள் பயணத்தை அமைத்துக்கொள்ளுங்கள். பார்சல் அலுவலகத்துக்கு முந்தின நாளே போய் இடம் இருக்கிறதா என்று கேளுங்கள். ஆர்.சி. நகல், காப்பீட்டு நகல், அடையாள அட்டை வேண்டும். டேங்கில் பெட்ரோல் ஒரு சொட்டு இருக்கக் கூடாது. அங்கேயே வடித்துவிடச் சொல்வார்கள், அதனால் நிலையத்துக்குப் போகும்போதே குறைவாகப் போட்டுக்கொள்ளுங்கள். கண்ணாடிகளைக் கழற்றிக் கைப்பையில் வையுங்கள். ஹெட்லைட், இண்டிகேட்டர், டேங்க் மூன்றையும் சாக்கும் அட்டையும் வைத்துக் கட்டச் சொல்லி, கட்டும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். தஞ்சாவூரில் இறங்கியதும் வண்டிக்குப் பெட்ரோல் வேண்டும் என்பதால், வீட்டிலிருந்து யாரையாவது நிலையத்துக்கு வரச் சொல்லிவிடுங்கள்.